மருமகன் முகம் போட்ட நோட்டீசு

திண்டிவனம்
20-9-98

அன்பு மகன் சகாயராஜுக்கு, சேசு மரி சூசை உன்னோடு இருக்க வேண்டி அப்பா பாக்கியசாமி எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக இருக்கிறது.

நீ அனுப்பிய நோட்டீசுக் கட்டு வந்தது. கம்பியே இல்லாமல், வானத்தில் விட்ட கோள் வழியாக நடுக்கடலிலிருந்தும் பேசுகிற 'வான்குரல்' போன் நவம்பரில் வியாபாரத்துக்கு வருகிறது, அதற்குள் பங்கு வாங்கினால் ஒன்று மூன்றாகும் என்று எழுதியிருந்தாய். எட்டாம் வகுப்பை ஆசைதீர இரண்டு வருஷம் படித்தவன் நான். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டையை எடை போட்டே நரைத்தவன். மூட்டை எத்தனை கிலோ என்றால் சொல்வேன், கோள் எத்தனை என்றால் வாயைப் பிளப்பேன். பிள்ளை பெரிய உத்தியோகத்தில் இருக்கிறான் என்று அம்மா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, அந்த நோட்டீசை விரித்தாள்.

அதில் நம்ம மாப்பிள்ளை தேவசகாயம் சிரித்துக்கினு நிற்கிறார், கல்யாணத்துக்குப் போட்ட சட்டையோடு. கீழே கொட்டை எழுத்தில், 'இவர் கையில் வான்குரல் இருந்திருந்தால்?'

போன நவம்பர் புயலில் கடலோடு போன மனுஷன். உடம்பு கூடக் கிடைக்கவில்லை. உன் அக்கா அக்னஸ் பொம்மையார்பாளையத்தில் கைக்குழந்தையை வைத்துக்கினு இன்னும் கடலைப் பார்த்துக்கினு உட்கார்ந்திருக்கிறாள். நீ அவர் முகத்தைக் காட்டிப் பங்கு விற்கிறாய்.

அம்மா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. நான் தின்றேன். அந்தப் படத்தை எடுத்துவிடு. வேறொன்றும் கேட்கவில்லை.

போன் விற்கிறவனுக்கு அப்பன் இன்லேண்டில் எழுதுகிறேன், சிரித்துக்கொள்.

அப்பா


விழுப்புரம்
27-9-98

அன்புள்ள அப்பாவுக்கு,

கோபப்படாதீங்க. படத்தைக் கொடுத்ததே அக்காதான். மாமா பேரை நான் கெடுக்கலை. அவர் சாவுக்கு ஒரு அர்த்தம் கிடைக்குதுன்னு பாருங்க. காணை கிராமத்திலிருந்து வந்த ஒரு அம்மா நோட்டீசைப் பார்த்து அழுதுட்டாங்க. அவங்கதான் முதல்ல பங்குக்குக் கையெழுத்துப் போட்டாங்க.

நல்லாப் போனா சென்னை மேனேஜர் ஜில்லா முழுக்க என் பொறுப்பில் விடறதாச் சொல்றார். வர்ற 11ஆம் தேதி ஞாயித்துக்கிழமை ஸ்டேஷன் பக்கத்து ஓட்டல் ஹாலில் கூட்டம். பொம்மையார்பாளையத்து ஆளுங்களும் அக்காவும் வர்றாங்க. நீங்களும் வந்து நேரில் பாருங்க, மனசு மாறிடும். மட்டன் பிரியாணி உண்டு.

உங்கள் மகன்
சகாயராஜ்


திண்டிவனம்
13-10-98

சகாயராஜுக்கு,

பிரியாணி நன்றாக இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் தடவையும் தட்டை நீட்டினேன்.

ஹாலுக்குள் போன் எடுக்கவில்லை. தலைக்கு மேல் கூரை இருந்தால் கோளுக்குத் தெரியாதாம். கோட்டு போட்ட நீங்கள் எல்லாம் நடுரோட்டுக்கு வந்து, செங்கல் மாதிரி இருந்ததைத் தூக்கிப் பிடித்து, டவுன் பஸ்காரன் ஹாரன் அடிக்க அடிக்க அண்ணாந்து நின்றீர்கள். பேசியது. பேசவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

மாப்பிள்ளையோடு அதே படகில் போய்த் தப்பி வந்த பெரியதம்பி ஒன்று கேட்டான். "நடுக்கடல்லேர்ந்து நான் போன் பண்ணா கரையில எவன் எடுப்பான்? எங்க ஊர்ல இருக்கறது ஒரே எஸ்.டி.டி. பூத்து. அவனும் பொழுது சாயறதுக்குள்ள ஜல்தியா சாத்திக்கினு போயிடறான்." எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

அப்புறம் அக்னஸை மேடையில் ஏற்றினாய். "இந்தக் கண்ணைப் பாருங்க, ஒரு வருஷமா இதுல தண்ணி வத்தலை" என்று மைக்கில் சொன்னாய். மண்டியில் மூட்டையைக் குத்தூசியால் குத்தி உள்ளே இருக்கிற மல்லாட்டைப் பயறை எடுத்துக் காட்டுவோம், அந்த மாதிரி. அவள் தலையைக் குனிந்துகினு நின்றாள். நான் எழுந்து போய் அவளைக் கீழே இறக்கிக் கூட்டிவந்திருக்க வேண்டும். என் கையில் பிரியாணி எலும்பு இருந்தது.

அக்னஸை நம்ம வீட்டுக்குக் கூட்டிக்கினு திரும்பி வரும்போது பஸ்ஸில், படத்தை நீயாம்மா கொடுத்தாய் என்று அவளைக் கேட்டேன்.

"பெருசு பண்ணி, கண்ணாடி போட்டுத் தர்றேன்னு வாங்கிக்கினு போனான்பா. கல்லறை இல்லாத மனுஷன். வீட்டுல அதுவாவது இருக்கட்டும்னு கொடுத்தேன்" என்றாள்.

இதை எழுத உனக்கு மறந்துவிட்டது போல.

பொம்மையார்பாளையத்து ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போடும்போது ஒவ்வொருத்தரும் என்னை ஒரு தடவை பார்த்தார்கள். மாமனாரே வந்து சாப்பிடறாரு, பொய்யா இருக்காது என்று நினைத்திருப்பார்கள். எனக்கும் உன் கமிஷனில் பங்கு சேர்ந்துவிட்டது. அக்னஸை இனிமேல் எங்கேயும் நிறுத்தாதே.

அப்பா


விழுப்புரம்
28-10-98

அன்புள்ள அப்பாவுக்கு,

படம் பெருசு பண்ண நேரமில்லை, கண்டிப்பாச் செய்து தர்றேன். இப்ப அவசரம். நவம்பர் 2ஆம் தேதி வான்குரல் தொடங்குது. கல்லறைத் திருநாள்னு தெரியும், அதுதான் விசேஷமே. பொம்மையார்பாளையம் கரையில் பந்தல். பெரியதம்பி போனோட படகில் உள்ளே போயிடுவான். கரையில் அக்கா போனோட நிப்பாங்க. மணி அடிக்கும். "நான் பத்திரமா இருக்கேன், வந்துகினு இருக்கேன்"னு அவன் ஒரே வரி சொல்லுவான். மாமா அன்னைக்குச் சொல்லியிருக்க வேண்டிய வரி. ஜனங்க உருகிடுவாங்க. அக்கா ஹலோன்னு சொன்னாப் போதும்.

மேனேஜருக்கு வாக்குக் கொடுத்துட்டேன். அக்கா அங்கேதான் இருக்காங்கன்னு அம்மா சொன்னாங்க. கார் அனுப்பறேன். நடக்கலைன்னா என் வேலை போயிடும்.

சகாயராஜ்


திண்டிவனம்
3-11-98

சகாயராஜுக்கு,

நேற்று உன் காரில் அக்னஸ் வருவாள் என்று பார்த்தாய், நான் இறங்கினேன். அவளும் அம்மாவும் இங்கே கல்லறைத் தோட்டத்தில், கல்லறை இல்லாதவர்களுக்கென்று இருக்கிற நடுச்சிலுவையடியில், மாப்பிள்ளைக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கினு இருந்தார்கள். பந்தலில் உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். மேனேஜர்தான், பெரியவர் இன்னும் பொருத்தம் என்று போனை என் கையில் திணித்தார்.

படகிலிருந்து பெரியதம்பி என்ன சொன்னான் என்று துருவித் துருவிக் கேட்டாய். இப்போது சொல்கிறேன். கேள்.

"அண்ணி எடுப்பாங்கன்னாங்களே" என்றான். நான்தாண்டா என்றேன்.

"மாமா, இவங்க எழுதிக் கொடுத்ததை என்னால சொல்ல முடியல. தேவசகாயம் கடைசியா சொன்னது எனக்குத் தெரியும்."

"என்னடா சொன்னான்?"

"மிதக்கற கேனை நீ புடிச்சுக்கோ, எனக்கு நீச்சல் நல்லா வரும்னான்."

அவன் மூக்கை உறிஞ்சியது கூடக் கேட்டது. அத்தனை தெளிவு. போனில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். வெச்சிட்டுக் கரைக்கு வாடா என்றேன். என் கண்ணில் தண்ணீரைப் பார்த்து உன் மேனேஜர் கைதட்டினார். அவரைப் பார்த்து நீயும் தட்டினாய்.

உன்னை நினைத்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இந்த வார்த்தையை எழுதிவிட்டு, பெற்ற பிள்ளைக்கு இப்படி எழுதலாமா, அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

பாக்கியசாமி


விழுப்புரம்
22-8-99

அன்புள்ள அப்பாவுக்கு,

நாலு கடிதம் போட்டும் பதில் இல்லை. பேப்பரில் பார்த்திருப்பீங்க, வான்குரலை மூடிட்டாங்க. பங்குக்கு இப்ப விலையே இல்லை. மேனேஜர் சென்னையில் இல்லை. நான் போட்டதும் போயிடுச்சு. பொம்மையார்பாளையத்து ஜனங்க நான் தங்கியிருக்கற லாட்ஜ் வாசலில் வந்து உட்கார்ந்திருக்காங்க. ரொம்ப பேஜாரா இருக்கு. அக்கா ஒரு தடவை வந்து, தம்பி மேல தப்பில்லைன்னு சொன்னா அடங்குவாங்க. அக்கா பேச்சை அவங்க தட்டமாட்டாங்க. அனுப்பி வையுங்க.

சகாயராஜ்


திண்டிவனம்
25-8-99

சகாயராஜுக்கு,

அக்னஸ் வரமாட்டாள். உன் கடிதத்தை அவளுக்குக் காட்டவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் பொம்மையார்பாளையம் போகிறேன். நீயும் வா. அவர்கள் வீட்டு வாசலில் நாம் போய் நிற்பது முறை. பந்தியில் உட்கார்ந்து தின்றவன் நான், எனக்கும் மன்னிப்புக் கேட்க வேண்டியது இருக்கிறது. திட்டினால் திட்டட்டும், செருப்பைக் கழற்றினால் முன்னால் நான் நிற்கிறேன். எனக்கு உடம்பு அகலம். நீ எதுவும் பேசாதே, முக்கியமாக அழாதே.

முடிந்ததும் பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒன்றாக வரலாம். அங்கேயிருந்து உனக்கு விழுப்புரம் பஸ். எனக்குத் திண்டிவனம் பஸ்.

பாக்கியசாமி