கை ஆட்டத்தை அடக்கும் லென்ஸ்

பண்டாரவளை
12.07.2008

அன்புள்ள வதனிக்கு,

உம்முடைய முழங்கால் நோ குறைந்ததா? பிள்ளைகள் சுகமா? நான் நல்ல சுகம்.

வேலைக்காகத் தேயிலைத் தோட்டங்களில் மண் வெடிப்புகளைத் தூரத்திலிருந்து படமெடுக்க வேண்டியிருப்பதால் நேற்று ஒரு ஸூம் லென்ஸ் வாங்கினேன். சரிவில் ஸ்டாண்ட் நிற்காது, கையில் பிடித்துத்தான் எடுக்கவேண்டும். முதலில் மலிவான லென்ஸ் ஒன்றைப் போட்டு, கடை ஜன்னலால் எதிர்மலையில் கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பார்த்தேன். அவளுடைய முதுகுக் கூடை ஆடிக்கொண்டே இருந்தது. காற்று பலம் என்றேன்.

கடைக்காரர் கந்தப்பன், "சார், வெளியே ஒரு இலைகூட அசையலே, காத்து எங்கேருந்து வருது?" என்று சிரித்தார். பிறகு கை ஆட்டத்தை அடக்கும் லென்ஸைத் தந்தார். அதில் கூடை அசையாமல் நின்றது. எட்டும் தூரம் கொஞ்சம் குறைவு, விலை கொஞ்சம் கூட. ஆனாலும் என் சம்பளத்துக்குக் கட்டுப்படியானது. அதையே எடுத்தேன்.

தரைப்பாதை பூட்டியிருப்பதால் யாழ்ப்பாணத்திலிருந்து யாராவது கப்பலில் வந்தால், மூடியுள்ள தேநீர்க் குவளை ஒன்று கொடுத்துவிடும். இங்கே குளிர், சீக்கிரம் ஆறிவிடுகிறது. பொத்தான் இல்லாத சேர்ட்டு இரண்டும் வேண்டும்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். அடுத்த கடிதத்தை டைப் அடித்து அனுப்புவேன், யோசியாதேயும். பேனாவுக்கு அந்த லென்ஸைப் போல ஒரு வசதி இன்னும் வரவில்லை.

உமது,
தனேஸ்வரன்