நான்கு விரல் குறைந்த மதகு

மலைமேல் மழையும் வயல்மேல் பசுமையும் நிலைத்து வாழ்க.

ஆம்பல்மூதூர் அரியணையில் அமர்ந்து ஏரிகளையும் எல்லைகளையும் புரக்கும் பெருந்தேவி இளங்கோதையாகிய நாம், தென்கரை நாட்டுக் காவலரும், பகைவர் படையை எண்ணிப் பாராமலே விரட்டுபவரும், நம் உடன்பிறந்த இளவலுமாகிய வேண்மான் பூதனுக்கு விடுக்கும் ஓலை. உம் கோட்டையும் குடிகளும் நலம் பெறுக. அரண்மனைக் குளத்துத் தாமரைகள்மேல் உமக்குள்ள அன்பு நாடறிந்ததாகையால், அவை தனியே நலம் பெறுக.

உம் ஓலை கிடைத்தது. சென்ற ஆண்டுப் பெருமழையில் வெண்கொற்றேரி தளும்பியபோது, அதன் மதகின் வாயை நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் அகலப்படுத்தப் பணித்தோம். இவ்வாண்டு வானம் கைவிரித்ததால் பழைய அகலத்துக்கே திருப்பப் பணித்தோம். பழைய அளவைக் குறித்த கல்லை வேலையாட்கள் உடைத்து எறிந்துவிட்டபோதிலும், சற்றும் கலங்காமல், இருந்த எண்பது விரல் அகலத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் இருபது விரலைக் கழித்து, அறுபது விரலாக அடைத்து, ஏற்றியதை ஏற்றியபடியே இறக்கிவிட்டதாக எழுதியிருந்தீர். அதுவரை சிரித்துக்கொண்டே படித்தோம். அதன்பின், கடைமடைக் கீழைப்பாலூரில் நாற்று வாடுகிறதென்றும், மதகு பழைய அளவில் இருந்தும் தண்ணீர் போதவில்லையாதலால் மடைக்காவலர் கோடன் சாத்தனே திருடி விற்றிருக்க வேண்டுமென்றும், அவரைச் சிறையிலிட்டதாகவும் கண்டோம். சிரிப்பு நின்றது.

சாத்தனின் மனைவி நங்கை நம் வாயிலுக்கு வந்து, தம் கணவர் திருடியிருந்தால் முதலில் தம் வயலல்லவா நனைந்திருக்கும், அதுவும் வெடித்துக் கிடக்கிறதே என்று முறையிட்டார். உடனே உம் ஓலையை மீண்டும் விரித்துக் கணக்கைப் பார்த்தோம்.

தம்பி, வாள் சுழற்றும் கைக்கு விரல் எண்ணுவது அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் கூட்டியபோது எடுத்த காற்பங்கு பழைய மதகினுடையது. கழித்தபோது எடுத்ததோ அகலமான மதகினுடையது. பெரியதன் கால் பெரியதாகத்தானே இருக்கும்? கல் உடைந்தால் அளவும் தொலைந்துவிடாது. அறியாத அளவைக் கண்டு மிரளாமல், அதற்கு ஒரு பெயர் சூட்டி அவையில் அமர்த்தினால் தானே பேசும். பழைய அகலத்தை ‘அ’ என்போம். நூற்றுக்கு இருபத்தைந்து என்பது கால். எனவே அ-வும் அ-வின் காலும் சேர்ந்து எண்பது விரல். அ-வுக்குள் நான்கு கால் உண்டு, கூட்டியதோடு ஐந்து. ஐந்து கால் எண்பதென்றால் ஒரு கால் பதினாறு. நான்கு கால் அறுபத்து நான்கு. அதுவே பழைய மதகு. ஐயமிருப்பின் அறுபத்து நான்கோடு அதன் காலைக் கூட்டிப் பாரும், எண்பது வந்து நிற்கும். உம்முடைய அறுபதோடு அதன் காலைக் கூட்டினாலோ, எழுபத்தைந்திலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும்.

ஆகவே கீழைப்பாலூரின் தண்ணீரைத் திருடியவர் சாத்தன் அல்லர். திருடியது, நீர் மிகையாக அடைத்த நான்கு விரலே. குற்றமற்ற ஒருவர் நம் பெயரால் அடைபட்டிருப்பது நமக்கு நெஞ்சை அறுக்கிறது.

இனி நம் ஆணை. இவ்வோலை கண்ட கணமே சாத்தனை விடுவித்து, தவறு உம்முடையதென்று அவையறியச் சொல்வீராக. மதகை நான்கு விரல் திறந்து, அறுபத்து நான்கு என்று புதிய கல்லில் பொறிப்பீராக. அக்கல்லை நடும்போது சாத்தன் உம் வலப்பக்கம் நிற்பாராக. மேலும், உம் தாமரைக் குளத்துக்குப் போகும் வாய்க்காலை இன்று நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் குறுக்கி, நாளை மறுபடியும் நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் அகலப்படுத்தி, அறுவடை முடியும்வரை அப்படியே விடுவீராக. அதில் மிஞ்சும் தண்ணீர் கீழைப்பாலூருக்குச் செல்க. உம் கணக்குப்படி குளத்துக்கு ஒரு துளியும் குறையாதாகையால், மறுத்து ஓலை வராதென்று நம்பி, இணைநாரை முத்திரை பதித்தோம்.