இஸ்மிரின் மேல் ஒரு சிவப்புக் குண்டூசி

ஹார்ட்லி, ஓக்லஹோமா
மார்ச் 14

அன்பு மகள் டெனாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், மழைக்கு முந்தின நாள் அவளுடைய இடது முழங்கால் மட்டும் முனகுகிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீயும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் அங்கே எல்லாரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். எல்லாரும் என்றால் உன் புருஷனும் சேர்த்திதான். கல்யாணத்துக்கும் வரவில்லை, இந்த ஐந்து வருஷத்தில் ஒரு கடிதத்தில்கூட அவன் பேரை அப்பா எழுதவில்லை என்று அம்மாவிடம் போனில் அழுதாயாம், அதை எனக்குச் சொன்ன கையோடு அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிரசவத்துக்கு வருவீர்களா மாட்டீர்களா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று நீ கேட்டிருந்தாய். ஒரே வார்த்தையில் எதையும் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, பொறுமையாகப் படி.

போன வாரக் காற்றில் பக்கத்து வீட்டு டுவேனின் கொட்டகைக் கூரை பறந்து வந்து நம் கோழிக்கூண்டின் மேல் உட்கார்ந்துவிட்டது, கோழிகளுக்கு ஒன்றுமில்லை, டுவேனுக்குத்தான் அதை எடுத்துப்போக நேரமில்லை. குண்டு ஆலையில் அவனுக்கு வாரம் ஆறு நாள் ஓவர்டைம். துருக்கிக்குப் போர் விமானங்களும் அவற்றில் மாட்டுகிற குண்டுகளும் விற்கப்போகிறார்கள் என்று செய்தியில் வந்ததே, அந்த வேலையில் கொஞ்சம் நம் ஊருக்கும் வருகிறதாம். நானும் அதே ஆலையில் முப்பத்தொரு வருஷம் குண்டுக்கு மருந்து நிரப்பினவன், பெட்டி எந்த ஊருக்குப் போகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு சபையில் நான் நடத்துகிற புதன்கிழமை வேத வகுப்பில் ஆயுதம் எங்கே போகிறது என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. என் வரைபடம் உனக்கு நினைவிருக்கும், வேதத்தில் எசேக்கியேல் முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் வருகிற தேசங்களில் எதற்கு நம் நாடு ஆயுதம் விற்றாலும் அதன் மேல் ஒரு சிவப்புக் குண்டூசி. தொகர்மா என்பது துருக்கிதான் என்று நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், நீ அங்கேயே போய்க் குடியேறுவாய் என்று நான் கண்டேனா.

செய்தி வந்த புதன்கிழமை, அவரைக்கொட்டை சூப்பும் சோள ரொட்டியும் சாப்பிட்டு முடித்ததும் வகுப்பைத் தொடங்கினேன். துருக்கியின் நடுவில் ஏற்கெனவே குத்திக் குத்தி அட்டை பொத்தலாகிவிட்டது, ஊசி நிற்கவில்லை. மேற்கே கடலோரம் அட்டை கெட்டியாக இருந்தது, அங்கே குத்தினேன். கடைசி நாட்களில் கோகு என்கிற அதிபதியோடு தொகர்மாவும் சேர்ந்து இஸ்ரவேலின் மேல் படையெடுத்து வரும், அப்போது கல்மழையும் அக்கினியும் கந்தகமும் அவர்கள் மேல் இறங்கும் என்று என் வழக்கப்படி மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். ஆமென் பலமாகவே வந்தது. பிறகு ஜெபப் பட்டியலை எடுத்தோம், இரண்டாவது பேர் உன்னுடையது, டெனா, ஜூனில் பிரசவம்.

மிஸ் ஓப்பலுக்கு எண்பத்தெட்டு வயது, முன் வரிசையை விட்டு நகரமாட்டார், பட்டியல் எழுதுவதும் அவர்தான். எழுந்து வந்து வரைபடத்தில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆர்லிஸ், கண்ணாடியப் போட்டுக்கிட்டு வந்து பாரு. ஊசிய இஸ்மிர்லயில்ல குத்தி வச்சிருக்கே, உம்பொண்ணு ஊரு அதானே? இப்ப நாங்க அங்க நெருப்பு விழணும்னு கேக்கறதா, சுகப்பிரசவம் ஆவணும்னு கேக்கறதா? ரெண்டையும் ஒரே மூச்சுல கேட்டா ஆண்டவரு கொழம்பிப் போயிருவாரு" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அத்தோடு விட்டாரா? "அவ புருஷன் பேரு என்ன? நம்ம பட்டியல்ல பேரில்லாம யாரையும் எழுதினதில்லை. தொகர்மான்னு எழுதிக்கவா?" என்று பென்சிலோடு நின்றார். உன் அம்மாவைப் பார்த்தேன், அவள் சூப்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேரைச் சொன்னேன். காது கேட்கவில்லை, உரக்கச் சொல் என்றார். அத்தனை பேர் முன்னால் உரக்கச் சொன்னேன்.

எனக்கு வெட்கமாக இருந்தது மகளே. வசனம் மாறவில்லை, அது எழுதியிருக்கிறபடி நடக்கும் என்றுதான் இன்றும் நம்புகிறேன். ஆனால் இத்தனை வருஷமாக அதை ஒரு சந்தோஷத்தோடு படித்தேனே, அது தப்பு. வகுப்பு முடிவில் வழக்கமாக, ஆண்டவரே சீக்கிரம் வாரும் என்று ஜெபிப்பேன். அன்றைக்கு அதை மாற்றினேன். ஆண்டவரே வாரும், ஆனால் ஜூன் கழியட்டும், பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், அதற்கு மேல் உம்முடைய சித்தம் என்று முடித்தேன். வெளியே வந்ததும் டுவேன், "ஆண்டவருக்கே நீ லீவு குடுக்கறியா?" என்றான். வீட்டுக்கு வந்து காரை நிறுத்தினதும் உன் அம்மா, "உலகம் முடியும்னு நீ குறிச்ச தேதில இதுவரைக்கும் ஒண்ணாவது நடந்திருக்கா? டாக்டர் குறிச்ச தேதிக்கு அந்தப் புள்ள வந்துரும், அப்ப நான் அங்க இருப்பேன், நீ இங்க ஊசி குத்திக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். போன வருஷமே பாஸ்போர்ட் எடுத்து மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. என்னுடையது நேற்றுதான் வந்தது, படத்தில் திருடன் மாதிரி இருக்கிறேன்.

ஜூன் மூன்றாம் தேதி இரண்டு பேரும் வந்து இறங்குகிறோம். ஊசியை நான் பிடுங்கவில்லை, எந்த இடத்துக்காக ஜெபிக்கிறோம் என்று தெரியவேண்டும், இருக்கட்டும் என்று மிஸ் ஓப்பல் சொல்லிவிட்டார். இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் சாப்பிடு, தண்ணீர்க் கேனைத் தூக்காதே, தொட்டிலை வாங்கிவிடாதே, நான் பலகை அறுத்துக் கட்டுகட்டாகக் கொண்டு வருகிறேன், அங்கே பொருத்திக்கொள்ளலாம். கர்த்தர் உன்னையும் உன் பிள்ளையையும் உன் வீட்டாரையும் எந்தத் தீங்கும் அணுகாமல் காப்பாராக.

விமான நிலையத்துக்கு வயிற்றைத் தூக்கிக்கொண்டு நீ வராதே. அவனை அனுப்பு. நீ அனுப்பின கல்யாணப் படத்தை நான் பிரித்தே பார்க்கவில்லை, அதனால் எனக்கு முகம் தெரியாது. ஒரு அட்டையில் என் பேரை எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல். அவன் பேரை நான் சத்தமாகக் கூப்பிட்டுக்கொண்டே வருகிறேன். லெவெந்த். சரியாக எழுதியிருக்கிறேனா?

அன்புடன்,
உன் அப்பா ஆர்லிஸ்