குக்கரில் வெந்த பலகை

மே 11, திங்கள்

ஆர்.எஸ்.புரத்தில் வேலை தொடங்கியது. அழகிரிசாமி வீட்டு ஹாலுக்கு மூங்கில் தரை. சிமென்ட் தளத்தின்மேல் ப்ளைவுட் விரித்து, அதில் மூங்கில் பட்டைகளை ஆணியடித்து இறக்க வேண்டும். எந்த ப்ளை போடுவது என்பது என் கவலை. அவர் கவலை வேறு.

"ஏனுங்க மெர்வின், கிரகப்பிரவேசத்தன்னிக்கு மாடு உள்ள வருமுங்க. பலகை தாங்குமுங்களா?"

கீழே கான்கிரீட். யானை வந்து படுத்தாலும் தாங்கும். எடை பயமில்லை, மாடு விடப்போகும் ஈரம்தான் பயம் என்றேன். கோமியம் நல்லதுங்க என்றார். யாருக்கு? ப்ளைக்கா?

மே 12

மெரைன் ப்ளை கேட்டேன். தண்ணீர் பட்டாலும் அதன் ஒட்டு விடாது. கான்ட்ராக்டர் பிரவின்குமாரிடம் பழைய வேலையில் மிஞ்சிய கமர்ஷியல் ப்ளை கிடக்கிறது. ரெண்டும் பதினெட்டு எம்.எம். தானே என்கிறார். கனம் ஒன்றுதான், ஆணி பிடிக்கும். ஈரத்தில் ஒட்டு நிற்குமா?

"தரை தூக்குச்சுன்னா உன்ற வேலை போயிரும், பாத்துக்க."

ப்ளை அவருடையது. தூக்கினால் பழி மட்டும் என்னுடையது.

மே 13

இரண்டிலும் ஒரு துண்டு அறுத்து மதுக்கரையில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, குக்கரில் போட்டேன். இருபது விசில். அம்மா எட்டிப் பார்த்தாள். "உப்புப் போட்டயா கண்ணு?"

கமர்ஷியல் துண்டு புரோட்டா மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. மெரைன் அப்படியே இருந்தது. இனி யாரால் மறுக்க முடியும்?

மே 14

மறுத்தார்கள்.

அழகிரிசாமி இரண்டையும் குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"எந்தக் குக்கர்லீங்க?"

"எங்க ஊட்டுதுங்க."

"அதுல வேற என்னங்க வேவும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஞாயித்துக்கிழமைன்னா மாட்டுக்கறிங்க."

அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "தப்பா நினைக்காதீங்க. அந்த மெரைன் வேண்டாமுங்க."

எங்கள் ஊரில் அவமானம்கூட 'ங்க' போட்டுத்தான் வரும்.

ரெண்டும் ஒரே குக்கர்லதானுங்க வெந்துச்சு என்றேன். பிரவின்குமார் முந்திக்கொண்டார். "கமர்ஷியல் பிரிஞ்சுபோச்சுங்களே. அதோட தோஷமும் பிரிஞ்சுபோச்சுங்க."

அழகிரிசாமி தலையாட்டினார். ஆட்டினார்! நான் வேகவைத்தது கையகலத் துண்டு. கடையில் கிடக்கிற மெரைன் ஷீட் அத்தனைக்கும் தீட்டாம். ப்ளைக்கும் சாதி வைத்துவிட்டார்கள்.

மே 25

கமர்ஷியல் மேலேயே அடித்து முடித்தேன். ஆணிக்கு ஒரு கெட்ட வார்த்தை. தரை அழகாக இருக்கிறது — அதுதான் இன்னும் எரிச்சல்.

மே 28, வியாழன்

கிரகப்பிரவேசம். வழுக்கும் தரையில் கால்வைக்க மாட்டேன் என்றது மாடு. முன்னால் இரண்டு பேர் இழுக்க, பின்னால் அழகிரிசாமியே தள்ளினார். நடு ஹாலில் நின்று நிதானமாகப் பெய்தது. எல்லோரும் கும்பிட்டார்கள். அப்புறம் சிமென்ட் தரையைக் கழுவும் பழக்கத்தில் எட்டுக் குடம் தண்ணீர் ஊற்றி விளக்குமாறால் தள்ளினார்கள். "ஊத்தாதீங்க, ஊத்தாதீங்க!" — வாசலில் நின்று கத்தினேன்.

வாசலில்தான். தரை போட்டவனுக்குச் சாப்பாடு பின்பக்க ஷெட்டில். மாட்டுக்கு உள்ளே.

ஜூன் 8

தூக்கிவிட்டது. ஹால் நடுவே ஒட்டகத் திமில். பூஜை அறைக் கதவு தரையில் இடித்துத் திறக்கவில்லையாம். சாமி உள்ளே, அழகிரிசாமி வெளியே.

பிரவின்குமார் போன் செய்தார். "நீ ஒழுங்கா ஆணி அடிக்கல. நாளைக்கு வராத."

அவ்வளவுதான். நான்கு வருட வேலை.

ஜூன் 12

அழகிரிசாமியே கூப்பிட்டார். போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன், என் ஆணியைப் பார்க்க. பட்டையை நெம்பினேன். ஆணி நேராக இருந்தது. அடியில் புரோட்டா. ஒரு ஏட்டை உரித்து நீட்டினேன். இந்த முறை கையில் வாங்கிக்கொண்டார்.

பிரவின்குமார் இப்போது இவர் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லையாம்.

"வேலைய நீங்களே எடுத்துச் செய்யுங்க. அந்த... வேவாத பலகை இருந்துதுங்களே. அதையே போட்ரலாமுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "புது ஷீட்லயும் ஒரு துண்டு வேகவெச்சுப் பாத்துருங்க."

"எங்க ஊட்டுக் குக்கர்லீங்களா?"

"அதுலயேங்க. அதுலதான் சரியாத் தெரிஞ்சுது."

ஜூன் 14, ஞாயிறு

மெரைன் துண்டோடு அடுப்படிக்குப் போனேன். அம்மா குக்கரைத் தரவில்லை. "கறி வேவுது. அவிய பலகை பொறவு வேவட்டும்."

அழகிரிசாமி மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். முன்னால் ஆள் இருக்குதுங்க, இன்னும் ஆறு விசில் ஆகுமுங்க என்றேன்.