சனியில் ஒரு வெள்ளைப் புள்ளி

நவம்பர் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உன் கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது.

நேற்று மாலை ஏழு ஐம்பதுக்கு மாடியில் டெலஸ்கோப்பில் சனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோளத்தின் நட்டநடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி! புயலாகத்தான் இருக்க வேண்டும். "ஏய், சீக்கிரம் வந்து பாரேன்" என்று படிக்கட்டுப் பக்கம் கத்திவிட்டேன். உன் அக்கா போய் இரண்டு வருடம் ஆனது அப்புறம்தான் உறைத்தது.

வேறு ஊரிலிருந்து இன்னொருவரும் பார்த்தால்தான் நம் வானியல் சங்கம் பதிவு செய்யும். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? பார்த்து எழுது.

உன் அத்தான்

நவம்பர் 14

அன்புள்ள அத்தானுக்கு,

மருந்துக்கடையில் ஆள் இல்லை, மூச்சுவிட நேரமில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். நேற்று அதே ஏழு ஐம்பதுக்குப் பார்த்தேன். நீங்கள் சொன்ன இடத்திலேயே, நடுவில், பளிச்சென்று இருந்தது! தாராளமாகச் சங்கத்துக்கு எழுதுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மச்சான்

நவம்பர் 19

மச்சான்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாடிக்கும் கீழுக்குமாக நடந்தேன், அவ்வளவு சந்தோஷம். பிறகு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். சனி பத்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிடும்; நான் பார்த்ததிலிருந்து நீ பார்த்த வரை பத்து நாளில் இருபத்திரண்டரைச் சுற்று. பதின்மூன்றாம் தேதி ஏழு ஐம்பதுக்கு அந்தப் புள்ளி மறுபக்கம் இருந்தது. யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது.

மருந்துக்கடைக்காரன் அல்லவா, கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டாய்.

சங்கத்துக்கு எழுதவில்லை. அது போகட்டும். தெரியவில்லை என்று நீ எழுதியிருந்தால்கூட, என்னோடு சேர்ந்து ஒருவன் பார்த்தான் என்று இருந்திருப்பேன். பார்த்தேன் என்று எழுதி என்னைத் தனியாக விட்டுவிட்டாய்.

உன் அத்தான்

டிசம்பர் 2

அன்புள்ள அத்தானுக்கு,

பொய்தான். உங்களை ஏமாற்ற மனமில்லாமல் ஏமாற்றிவிட்டேன். அக்கா போனதிலிருந்து என் டெலஸ்கோப் கட்டிலுக்கடியில் கிடந்தது. கண்ணை வைத்தால், "தள்ளுடா, நான் பாக்கணும்" என்று பக்கத்தில் வந்து இடிப்பாள். அதை நினைத்தே எடுக்கவில்லை. உங்களுக்கு எழுதாததும் அதனால்தான்.

உங்கள் கடிதம் வந்ததும் எடுத்து லென்ஸைத் துடைத்தேன். ஒரு வாரம் ஒரே மேகம். நேற்று ஏழு ஐந்திலிருந்து ஏழு நாற்பது வரை பார்த்தேன். யாரும் இடிக்கவில்லை, அத்தான். அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். வளையம் தெரிந்தது, பட்டைகள்கூட மங்கலாகத் தெரிந்தன.

நாளையும் பார்ப்பேன். நேற்றைய தேதிக்கு உங்கள் நோட்டில் என் பெயரை எழுதி, பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: பார்த்தான், புள்ளி தெரியவில்லை.

உங்கள் மச்சான்