மேனேஜர் ரூமில் இருபத்தேழு டிகிரி

மார்ச் 6

என் குருவிக்கு, அத்தை எழுதறது.

சாமி புண்ணியத்துல நல்லா இருக்கேன். நீ வேளைக்குச் சாப்பிடறியான்னு கேட்க மாட்டேன், கேட்டா பொய் சொல்லுவ. போன் பண்ணினா "மீட்டிங் அத்தை"ன்னு வச்சிடற. காகிதத்தை நடுவுல வைக்க முடியாதுல்ல, அதான் எழுதறேன்.

டிவில உன்னைப் பார்த்தேன். மந்திரி பேசறார், பின்னாடி ஃபைலைக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு எங்க உதவி இயக்குநர் அம்மா, நீ. அவர் பேசினதுல பாதி புரியல. இன்னும் ஐம்பது வருஷத்துல புகையே இருக்காதாம். அவருக்கு இப்பவே எழுபது வயசு, அன்னைக்கு யார் போய் அவர்கிட்ட கேட்கறது? ஆனா கடைசியா ஒண்ணு சொன்னாரே, வேலை செய்யற இடத்துல முப்பத்தெட்டு டிகிரி தாண்டினா மிஷினை நிறுத்தி ஒரு மணி நேரம் ஓய்வு குடுக்கணும்னு, அது நீ எழுதின சட்டம்னு உங்கப்பா சொன்னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

எங்க சலவைக்கூடம் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிப் போர்வையெல்லாம் இங்கதான் வருது. பதினொரு பொம்பளைங்க, தகரக் கூரை. ஈரத் துணியைத் தேய்க்கிற சூட்டு உருளைக்குள்ள நான் விடறேன், அந்தப் பக்கம் நெட்டைன்னு நாங்க கூப்பிடற பொண்ணு இழுத்து மடிக்கிறா. போன வருஷமே மத்தியானத்துல கண்ணு இருட்டும். கோவில் பூசாரி, இதெல்லாம் நாம பண்ணின பாவம்ங்கறார். நான் விடுவேனா? "சாமி குடுத்தது ஒரே சூரியன், அதைச் சாமி கூட்டவும் இல்ல குறைக்கவும் இல்ல. புகை விட்டவன் பாவத்தை எங்க தலைல கட்டாதீங்க"ன்னேன். மனுஷன் மணியை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டார்.

உன் பேருக்குத் தினமும் விளக்கு ஏத்தறேன்.

உன் அத்தை


ஏப்ரல் 22

குருவி,

ஆஸ்பத்திரி வராந்தாவுல உட்கார்ந்து எழுதறேன், எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ.

நேத்து நெட்டை விழுந்துட்டா. மத்தியானம் ரெண்டு மணி. போர்வையை இழுத்துக்கிட்டே இருந்தவ அப்படியே உருளை மேல சாஞ்சிட்டா. நான் பட்டனை அழுத்தறதுக்குள்ள முழங்கை வரைக்கும் தோல் போயிடுச்சு. எந்த ஆஸ்பத்திரிப் போர்வையை மடிச்சாளோ அதே போர்வைல இப்ப படுத்திருக்கா.

மேனேஜர்கிட்ட போய்க் கேட்டேன், டிகிரி பார்க்கற மீட்டர் எங்கன்னு. அவர் ரூம்ல மாட்டியிருக்கு, ஏசிக்கு நேர் கீழே. இருபத்தேழு காட்டுது. "என்ன சார் இது விளையாட்டு"ன்னேன். "விளையாட்டு இல்லம்மா, படிச்சுப் பாருங்க"ன்னு உன் சட்டத்தையே நீட்டறார். நான் எட்டாவது வரைக்கும்தான், ஆனா எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். "வெப்பநிலை, பணியிட அலுவலகத்தில் அளக்கப்பட வேண்டும்"னு போட்டிருக்கு.

கண்ணு, நீ அவசரத்துல எழுதியிருப்ப. மிஷின் பக்கத்துலன்னு எழுத நினைச்சு மாறிப் போயிருக்கும். பெரிய வேலைல இதெல்லாம் நடக்கறதுதான். சீக்கிரம் திருத்திடு. பொண்ணுங்ககிட்ட சொல்லியிருக்கேன், "என் அண்ணன் பொண்ணு காதுக்குப் போனா ஒரே வாரம்"னு.

உன் அத்தை


ஏப்ரல் 29

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். போனில் இதைச் சொல்ல எனக்கு தைரியம் இல்லை.

அது தவறி எழுதினது இல்லை, அத்தை. நான் முதலில் எழுதின வரைவில் "இயந்திரத்திலிருந்து மூன்றடிக்குள்" என்றுதான் இருந்தது. முதலாளிகள் சங்கத்தினர் மந்திரியைப் பார்த்தார்கள். வரியை மாற்று, இல்லாவிட்டால் சட்டமே வராது என்று மந்திரி சொன்னார். நானே என் கையால் மாற்றினேன். ஒன்றுமே இல்லாததற்கு இதாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். மூன்று வருடத்தில் மறுபரிசீலனை வரும், அப்போது சரி செய்யலாம்.

நீங்கள் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்து இருங்கள். ஒரு மின்விசிறி அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்ட வேண்டாம். என் வேலை போய்விடும்.

உங்கள் குருவி


மே 5

குருவி,

மின்விசிறி வந்தது. அட்டைப் பெட்டியைப் பிரிக்கல. சூட்டுக் காத்தையே சுத்தி அடிக்கறதுக்கு அது எதுக்கு?

மூணு வருஷமாம். நெட்டை கைத் தோலுக்கு நீ தேதி குடுக்கறியா? மந்திரி ஊர் ஊராப் போய் வெளிநாட்டுக்காரங்களோட கை குலுக்கறார், பூமியைக் காப்பாத்தறோம்ங்கறார். பூமி இருக்கட்டும்டி, எங்க பதினொரு பேரைக் காப்பாத்த அந்த மீட்டரை மிஷினுக்கு மூணடிக்குள்ள நகர்த்தச் சொன்னா முடியல. இதாவது இருக்கட்டும்னு எழுதினியே, எது இருக்கு? வெயில் எங்களுக்கு, இருபத்தேழு டிகிரி மேனேஜருக்கு. முன்னாடி சட்டம் இல்லாதப்ப மேனேஜர் எங்களைப் பார்த்துத் தலையாவது குனிஞ்சுக்குவார். இப்ப நிமிர்ந்து உட்கார்ந்து உன் காகிதத்தைக் காட்டறார்.

சரி, கோவத்தைக் கொட்டியாச்சு. விஷயத்துக்கு வரேன். நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டு உங்க துறைக்குப் புகார் அனுப்பியிருக்கோம். அது உன் மேஜைக்குத்தான் வரும்னு தபால்காரர் சொல்றார், அவருக்குத் தெரியாத ஆபீஸ் இல்ல. தொழிற்சங்கத்துத் தம்பி கேட்டான், "முன்னாடி வேற மாதிரி எழுதியிருந்தாங்கன்னு ஏதாவது ஆதாரம் இருக்காம்மா? இருந்தா கோர்ட்டுக்கே போயிடலாம்." உன் கடிதம் அப்ப என் ஜாக்கெட்டுக்குள்ளதான் இருந்தது. பொண்ணுங்க எதிர்லயே இல்லைன்னுட்டேன். வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து அவங்ககிட்ட நான் சொன்ன முதல் பொய்.

மூணு நாள் அதைச் சாமி படத்துக்குப் பின்னாடி வச்சிருந்தேன். இப்ப இதோட உனக்கே திருப்பி அனுப்பறேன். நகல் எடுக்கல, சாமி மேல ஆணை. யாரும் உன்னை மாட்டி விட்டதா இருக்கக் கூடாது. நீயா சொல்லு. புகாருக்குப் பதில் எழுதறப்ப அந்த மூணடியை எழுது. வேலை போனா போகட்டும், என் வீட்ல ரெண்டு பாய் இருக்கு.

அத்தை


மே 20

பொருள்: புகார் மனு – தொடர்பாக

தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. ஆய்வு நாளில் பணியிட அலுவலகத்தில் வெப்பநிலை 27 டிகிரியாகப் பதிவாகியுள்ளது. விதிமீறல் ஏதும் கண்டறியப்படவில்லை. மனு முடித்து வைக்கப்படுகிறது.

உதவி இயக்குநர்
காலநிலை மாற்றத் துறை


மே 24

மதிப்பிற்குரிய உதவி இயக்குநர் அம்மா அவர்களுக்கு,

நீங்க அனுப்பின பதில் கிடைச்சுது. எல்லாருக்கும் நான்தான் படிச்சுக் காட்டினேன். கையெழுத்து யாருதுன்னு கேட்டாங்க. ஒரு ஆபீஸரோடதுன்னு சொன்னேன்.

நெட்டைக்கு விரல் மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மடிக்கிற வேலைக்கு இனி அவ வரமாட்டா. அவ இடத்துக்கு நேத்து புதுசா ஒருத்தி வந்திருக்கா, கல்யாணமாகி நாலு மாசம்தான் ஆகுது. உங்களுக்குத் தெரியணும்னு எழுதறேன், வேற காரணம் இல்ல.

நாளையிலேர்ந்து பகல் பன்னிரண்டு மணிக்கு உருளையை நிறுத்திட்டு, மூணு மணி வரைக்கும் நாங்க பதினொரு பேரும் வெளியே மரத்தடில உட்காரப் போறோம். சட்டத்துல இதுக்கு இடம் இல்லைன்னு மேனேஜர் சொல்றார். இல்லைன்னு எங்களுக்கும் தெரியும், அந்தச் சட்டத்தை நல்லா படிச்சிருக்கோம். நடவடிக்கை எடுப்பீங்கன்னும் சொல்றார். எடுங்க. உங்க வேலையை நீங்க செய்யறீங்க.

நோட்டீஸ் அனுப்பப் பேர் வேணுமே, எல்லாரும் கீழே கையெழுத்துப் போட்டிருக்கோம். முதல் பேர் என்னோடது. முகவரி உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
சலவைத் தொழிலாளி,
இரண்டாம் உருளை