கனஸாவா கச்சேரிக்கு இரண்டு இருக்கைகள்

செண்டாய்
பிப்ரவரி 3, 1971

ஹிசானோவுக்கு,

இங்கே பனி முழங்கால் அளவு. உன் ஊரிலும் அப்படித்தான் என்றால் உன் அண்ணன் குடைக்கடையில் நல்ல வியாபாரமாக இருக்கும். உன் இருமல் நின்றதா?

வெளிநாட்டு வாத்தியக்காரர்களை வரவழைத்துக் கச்சேரி நடத்துகிற என்னைப் போன்றவனைக் 'கூப்பிடுகிறவன்' என்கிறார்கள் நம் ஜனங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வாத்தியக்காரன் எல்லாம் கூப்பிட்டால் வருகிறான். கனஸாவாவில் இருக்கிற நீ வரமாட்டேன் என்கிறாய். இலையுதிர்காலத்தில் போனவள், புத்தாண்டுக்கும் வரவில்லை.

இந்தத் தடவை புவெனஸ் அயர்ஸிலிருந்து டாங்கோ கோஷ்டி. தலைவர் அன்செல்மோ என்று ஒரு கிழவர். மடியில் வைத்து இழுத்து வாசிக்கும் பெட்டிதான் அவர் வாத்தியம். அரங்கு நிரம்பியது, ஆனால் கிழவர் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். நம் ஆட்களைத்தான் தெரியுமே, வாசிக்கும்போது தும்மக்கூட மாட்டார்கள். அவர் ஊரில் நடுவிலேயே கத்துவார்களாம். "செத்த வீட்டுல வாசிக்கிற மாதிரி இருக்கு. என்னைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க, ஊருக்குப் போயிடறேன்" என்கிறார். மொழிபெயர்க்க வந்தவன் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். நீயாக இருந்தால் கிழவருக்கு சூப் வாங்கிக் கொடுத்து, ஏதாவது பேசிச் சிரிக்க வைத்திருப்பாய்.

பதினேழாம் தேதி உன் ஊரில் கச்சேரி. மற்ற ஊர்க் கச்சேரிகளை, அந்தந்த ஊரில் டிக்கெட் விற்று நடத்துகிற உள்ளூர்க்காரர்களுக்கு மொத்தமாக விற்றுவிட்டேன். கனஸாவாவை வாங்க ஆளில்லை, என் தலையிலேயே போட்டுக்கொண்டேன். ஏழாவது வரிசையில் இரண்டு இருக்கை எடுத்து வைத்திருக்கிறேன். வா. அப்படியே சேர்ந்து ஒசாகா வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

தொமெகிச்சி


கனஸாவா
பிப்ரவரி 7

உங்களுக்கு,

இருமல் போய்விட்டது. கேட்டதற்குச் சந்தோஷம். உங்களுடைய வயிற்றுவலி எப்படி இருக்கிறது? ரயிலில் நின்றபடியே சாப்பிடாதீர்கள்.

நான் ஏன் போனேன் என்று ஒரு கடிதத்திலும் நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நகோயா ஸ்டேஷனில் உங்களுக்குத் தேநீர் வாங்கத்தான் திரும்பினேன். நீங்கள் ரயிலேறிப் போய்விட்டீர்கள். அடுத்த ஊரில், என் பையில் இருந்த அரங்கத்துச் சாவி தேவைப்பட்டபோதுதான் என்னைத் தேடினீர்கள். தேநீர் ஆறும்வரை நின்றேன். எதிர்ப்பக்கம் ஒரு ரயில் வந்தது, ஏறிவிட்டேன்.

கல்யாணமான நாளிலிருந்து இத்தனை கச்சேரி நடத்தினீர்கள். ஒன்றையாவது உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? கதவோரம் நிற்பீர்கள், டெலிபோனுக்கு ஓடுவீர்கள், அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவீர்கள். மறுநாள் ரயிலில் "எப்படி இருந்தது?" என்பீர்கள். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவீர்கள்.

ஏழாவது வரிசைக்கு வருகிறேன். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்தால் ஒசாகா வருகிறேன். அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். "மாப்பிள்ளையா, உக்காரவா? அவர் உன்னைப் பெண் பார்க்க வந்தப்பவே நின்னுகிட்டுதானே டீ குடிச்சாரு" என்றார்.

ஹிசானோ


நீகாதா
பிப்ரவரி 12

ஹிசானோவுக்கு,

உட்காருகிறேன். இது என்ன பெரிய விஷயம்? கோணிப்பையில் பழைய இசைத்தட்டு சுமந்து விற்ற காலத்திலிருந்து எவ்வளவோ கஷ்டப்பட்டவன் நான். இரண்டு மணி நேரம் நாற்காலியில் இருக்க முடியாதா?

நல்ல செய்தி ஒன்று. அகிதாவில் கிழவர் வாசிக்கவே மாட்டேன் என்றார். யோசித்தேன். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் மாண்டலின் சங்கப் பையன்கள் இருந்தார்கள். வயிறாரக் கறிச்சோறு போட்டு, அரங்கின் மாடியில் உட்கார வைத்தேன். நான் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தால் கைதட்டிக் கத்த வேண்டும், அவ்வளவுதான் பேச்சு. கதவைத் திறந்து காதை வைப்பேன், பாட்டு முடிகிற மாதிரி இருந்தால் துடைப்பேன். அரங்கு அதிர்ந்தது. கிழவர் எழுந்து மாடியைப் பார்த்து முத்தம் பறக்கவிட்டார். இங்கேயும் அப்படியே. என் கைக்குட்டைதான் இப்போது கோஷ்டியின் பத்தாவது வாத்தியம்.

தொமெகிச்சி


கனஸாவா
பிப்ரவரி 14

உங்களுக்கு,

தபால் அட்டையில் எழுதுகிறேன், சீக்கிரம் சேரட்டும் என்று. இந்த ஊரில் கைதட்ட ஆள் வைக்காதீர்கள். அந்தப் பெரியவர் உங்களை நம்பிக் கடல் கடந்து வந்திருக்கிறார். இங்கே இருக்கிறவர்களுக்குக் கேட்கத் தெரியும். எனக்காக இதை மட்டும் செய்யுங்கள். உங்கள் சாம்பல் நிற ஸ்வெட்டரைத் தைத்து வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன்.

ஹிசானோ


ஃபுகுயி
பிப்ரவரி 18

ஹிசானோவுக்கு,

மறைக்க என்ன இருக்கிறது, நீதான் பக்கத்தில் இருந்தாயே.

உன் அட்டை கிடைத்தது. கிடைத்த பிறகுதான் கைதட்டுகிற பையன்களை வரவழைத்தேன். உன் ஊர், உன் அண்ணன் வந்திருக்கிறார், தெருக்காரர்கள் வந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னால் கிழவர் வாடிய முகத்தோடு எழுந்து போனால் எனக்கு எப்படி இருக்கும்? உனக்காகத்தான் செய்தேன்.

நான் உட்கார்ந்தேன், அதைச் சொல். இடைவேளை வரை அசையவில்லை. கால்தான் ஆடியது. நீ உன் கையை என் முழங்கால்மேல் வைத்தாய், அதுவும் நின்றது. அந்தக் கடைசிப் பாட்டு சட்டென்று நின்றபோது முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். அது நடுவில் விடுகிற மூச்சு என்று எனக்கு எப்படித் தெரியும்? கதவுக்கு வெளியிலிருந்து கேட்டால் எல்லாப் பாட்டும் ஒரே மாதிரிதான் முடிகிறது. கைக்குட்டையை எடுத்தேன். மேலே பையன்கள் ஊளையிட்டார்கள். கிழவர் கையை எடுத்துவிட்டு மாடியைப் பார்த்தார், பிறகு கைக்குட்டையோடு இருந்த என்னைப் பார்த்தார். அதைவிட, நீ பார்த்தாய்.

அந்தப் பயல்களை அடக்கத்தான் மாடிக்கு ஓடினேன். இறங்கி வந்தால் வாசலில் லாரிக்காரன். "ஐயா, பனி மலைப்பாதையை மூடப்போகுது. கோஷ்டியும் வாத்தியமும் காலையில ரயில்ல வரட்டும், என் வண்டி இப்பவே கிளம்பணும், நீங்க வர்றீங்களா இல்லையா?" என்றான். ஏறிவிட்டேன். ஃபுகுயி அரங்கத்தை நான் பார்க்காமல் யார் பார்ப்பது?

பிறகு என்ன ஆயிற்று? கிழவரைக் கேட்டால் சிரிக்கிறார், சொல்ல மாட்டேன் என்கிறார். இங்கே கைதட்ட ஆள் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எப்படி இருந்தது என்று எழுது. ஒசாகா ரயிலுக்கு எப்போது டிக்கெட் எடுக்கட்டும்?

தொமெகிச்சி


கனஸாவா
பிப்ரவரி 22

உங்களுக்கு,

எப்படி இருந்தது என்று கேட்டீர்கள், சொல்கிறேன். தூங்காமல் படியுங்கள்.

நீங்கள் போன பிறகு ஊரே தப்புச் செய்தது போல எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெரியவர் கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு அதே பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த இடம் வந்தது. நிறுத்தினார். முன்னைவிட அதிக நேரம் நிறுத்தினார், எங்களைச் சோதிக்கிற மாதிரி. ஒரு இருமல் இல்லை, ஒரு நாற்காலி முனகவில்லை. கூரையிலிருந்து பனி சரிவதுகூடக் கேட்டது. அப்போதுதான் அவர் முகம் மாறியது. இத்தனை பேரும் தனக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மீதியை வாசித்தார். முடித்த பிறகும் யாருக்கும் உடனே கைதட்ட மனம் வரவில்லை. தட்ட ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

நான் மட்டும் தட்டவில்லை. பக்கத்துக் காலி இருக்கைமேல் கை வைத்திருந்தேன்.

கைக்குட்டைக்காக எனக்குக் கோபம் இல்லை, அது உங்கள் சுபாவம். அந்தக் கூத்து முடிந்த பிறகாவது திரும்பி வந்து உட்காருவீர்கள் என்று கடைசிவரை கதவைப் பார்த்தேன்.

டிக்கெட் எடுக்க வேண்டாம்.

அடுத்த குளிர்காலத்தில் யாரைக் கூப்பிட்டாலும் கனஸாவா கச்சேரியை எனக்கு விற்றுவிடுங்கள். அண்ணனும் பாதிப் பணம் போடுகிறேன் என்கிறார். உள்ளூர்க்காரர்களிடம் கேட்கிற விலையையே கேளுங்கள், குறைக்க வேண்டாம். ஏழாவது வரிசையில் எல்லா இருக்கையையும் விற்றுவிடுவேன். நீங்கள் வந்தால் வழக்கம்போல் கதவோரம் நிற்கலாம்.

ஸ்வெட்டரைத் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். இருக்கைக்கடியில் கிடந்த கைக்குட்டையைத் துவைத்து ஸ்வெட்டர் பையில் வைத்திருக்கிறேன். சாப்பிடும்போது உட்காருங்கள்.

ஹிசானோ
குடைக்கடை மாடி, கனஸாவா